பின்பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சில வருடம் கட்டாரில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். மாமாவோடு சேர்ந்து தொழிலுக்குப் போக ஒரு பழைய வள்ளம் தேடுகிறோம். கிண்ணியாவில் 19 அடி பைபர் வள்ளம் ஒன்று, 25 குதிரைவலு யமஹா எஞ்சினோடு விலைக்கு இருக்கிறது. புதிதாகப் பெயின்ற் அடித்து வடிவாக இருக்கிறது, எஞ்சினும் ஒரே இழுவையில் ஸ்ரார்ட் ஆகிறது. வேறு ஆட்களும் கேட்கிறார்களாம், உடனே முற்பணம் தரச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், இறக்கக்கண்டி

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தம்பி. நீங்கள் நல்லது என்று எழுதிய இரண்டுமே, புதுப் பெயின்றும் ஒரே இழுவையும், எனக்கு யோசனையைத்தான் தருகின்றன. விற்கிற நானாவைக் குறை சொல்லவில்லை. விற்க முன்னர் பெயின்ற் அடிப்பது புல்மோட்டையில் இருந்து வெருகல் வரைக்கும் எல்லாரும் செய்வதுதான், வீடு விற்கிறவனும் அதைத்தான் செய்கிறான். ஆனால் நாம் பார்க்க வேண்டிய வெடிப்பு, ஒட்டு, கொப்புளம் எல்லாம் அந்தப் பெயின்றுக்குக் கீழே போய்விடும். ஆகவே கண்ணால் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு கையாலும் காதாலும் பார்க்க வேண்டிவரும்.

எங்கள் ஆட்கள் வள்ளம் பார்க்கப் போனால் நேரே எஞ்சினுக்குத்தான் போவார்கள். மூடியைக் கழற்றுவார்கள், கயிற்றை இழுப்பார்கள், சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், அதோடு பேரம் தொடங்கிவிடும். நீங்கள் எஞ்சினைக் கடைசியாகப் பாருங்கள். எஞ்சின் பழுதானால் சாமான் வாங்கிப் போடலாம், திருத்த முடியாவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வேறொன்று மாட்டலாம். எஞ்சின் மாட்டுகிற பின்பலகை உக்கிப் போன வள்ளத்தை வாங்கினால் அந்தச் செலவுக்குக் கணக்கே கிடையாது, ஏனென்றால் பைபரை வெட்டித் திறக்கும் வரைக்கும் உக்கல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று திருத்துகிறவருக்கும் தெரியாது.

அந்தப் பின்பலகை முழுக்க பைபர் இல்லை. உள்ளே பலகையையோ ஒட்டுப்பலகையையோ வைத்து இரண்டு பக்கமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். எஞ்சினின் பாரம், அது தள்ளுகிற பலம், அலையில் விழும்போது வருகிற உதறல் எல்லாம் அந்த ஒரு சாண் அகலத்தில்தான் இறங்குகின்றன. போல்ற் போடத் துளைத்த ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் அதன் வழியே உப்புத்தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்ப் பலகையை ஊற வைக்கும். வெளியே பைபர் பளபளவென்று இருக்கும், உள்ளே பலகை மாவாகியிருக்கும்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. எஞ்சினை மாட்டியபடியே அதன் காலை மேலே தூக்கி, கீழ் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் வள்ளத்துக்குள் குனிந்து நின்று பின்பலகையின் மேல் விளிம்பையும் இரண்டு மூலைகளையும் பாருங்கள். எஞ்சினோடு சேர்ந்து வள்ளம் முழுவதும் ஆடினால் நல்லது. பலகை மட்டும் தனியாக அசைந்தாலோ, மூலையில் மயிரிழை வெடிப்பு வாய் திறந்து மூடினாலோ பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு திருப்புளியின் பிளாஸ்ரிக் பிடியால் மேலிருந்து கீழே நெருக்கமாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கடினமான சத்தம் வரும், ஊறிய இடத்தில் 'தொப்' என்று அமுங்கும். வித்தியாசம் பிடிபடாவிட்டால் முதலில் பக்கவாட்டின் உறுதியான இடம் ஒன்றில் தட்டிக் காதைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதற்கு விற்கிறவரின் சம்மதம் வேண்டும். எஞ்சினைப் பிடித்திருக்கும் கீழ்ப் போல்ற் ஒன்றைக் கழற்றிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். சல்லிப் பக்கம் ஒரு வள்ளம் பார்க்கப் போனபோது நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போல்ற் வெளியே வந்தது, ஒரு கணம் ஒன்றும் இல்லை, பிறகு அந்த ஓட்டையில் இருந்து தேயிலைச் சாயம் போலக் கபிலமாகத் தண்ணீர் கசிந்து புதுப் பெயின்றின் மேல் கோடாக இறங்கியது. மெல்லிய கம்பியை விட்டுக் கிண்டினால் கறுத்த தும்பு தும்பாக மரம் வந்தது. வள்ளம் கரையில் ஏறி ஒரு மாதத்துக்கு மேல் என்று அப்போதுதான் விற்கிறவர் சொல்லி முடித்திருந்தார்.

பின்பலகை சரி என்றால் அடிப்பகுதி. வள்ளத்தைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். கரையில் நிற்கிற நாலைந்து பொடியன்களைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் நடக்கிற வேலை. உங்கள் இறக்கக்கண்டி, நிலாவெளிப் பக்கத்து வள்ளங்கள் தினம் மணலில் இழுபடுவதால் நடு ஏராவும் (அடியில் நீளத்துக்கு ஓடும் முதுகுப் பகுதி) அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, கீழே தரை தட்டுகிற இடமும் தேய்ந்து பைபர் நூல் தெரியத் தொடங்கியிருக்கும். அது பார்த்தாலே தெரிகிற பழுது, மேலதிகமாக இரண்டு படை பைபர் போட்டால் சரி. கிண்ணியா வள்ளங்களில் பல எந்நேரமும் தண்ணீரிலேயே கட்டிக் கிடப்பவை. அப்படிக் கிடந்ததா என்று கேளுங்கள். கிடந்திருந்தால் அடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கின்றனவா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மேல்பூச்சைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் பிசினோடு சேர்ந்து இப்படிக் கொப்புளம் கட்டும். ஒன்றைக் குத்தினால் வினாகிரி மணத்தோடு நீர் வரும். அங்கங்கே நாலைந்து என்றால் பயம் இல்லை, சுரண்டிக் காயவிட்டுப் பூசலாம். அடி முழுவதும் தவளைத் தோலாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒட்டுப் போட்ட இடங்களைக் கண்டுபிடிக்க வள்ளத்தின் நீளத்துக்குக் கண்ணை வைத்து, காலை வெயிலிலோ மாலை வெயிலிலோ சரிவாகப் பாருங்கள். மேடு பள்ளம் தெரியும். ஒட்டு இருப்பது குற்றம் இல்லை, எதனால் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வாகனத்துக்குப் பூசுகிற புட்டியை அப்பிவிட்டு மேலே பெயின்ற் அடித்திருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி ஒரு நாள் துண்டாகக் கழன்று விழும். உட்பக்கம் பெயின்ற் அடிக்காத வள்ளம் என்றால் இன்னும் வசதி. வெயிலில் சரித்து வைத்து உள்ளே இருந்து பார்த்தால் மெல்லிய இடம் வெளிச்சமாகத் தெரியும்.

வயதையும் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு ஒன்றிரண்டு வருடத்துக்குள் கணக்கில்லாமல் வள்ளம் கட்டிக் கொடுத்தார்கள். அதற்கு முன் பைபரையே தொடாத ஆட்களும் அப்போது வள்ளம் கட்டினார்கள். அதில் நல்ல வள்ளங்களும் உண்டு, இன்றைக்கும் ஓடுகின்றன. ஆனால் பிசினும் பைபர்ப் பாயும் மிச்சம் பிடித்து மெல்லிசாகக் கட்டியவையும் ஏராளம். பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பலமாக அழுத்துங்கள், தகரப் பேணியாக உள்ளே போய் வந்தால் புரிந்துகொள்ளலாம்.

அணியத்திலும் இருக்கைக்குக் கீழும் மூடி அடைத்த பகுதிகளில் மிதப்புக்காக நுரைப்பஞ்சு போட்டிருப்பார்கள். அது ஊறினால் கவிழ்ந்த வள்ளம் மிதக்காது, சும்மா ஓடும்போதும் பெற்றோல் கூடக் குடிக்கும். கவிழ்க்கத் தூக்கினீர்களே, அந்தப் பொடியன்களிடமே கேளுங்கள், இதே அளவு மற்ற வள்ளங்களை விடப் பாரமா என்று. தினம் வள்ளம் தள்ளுகிற தோளுக்கு அது தெரியும்.

இனி எஞ்சின். போனவுடன் மூடியைத் தூக்கி எஞ்சின் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வர முன்னரே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள், ஒரே இழுவையில் ஸ்ரார்ட் ஆகும் ரகசியம் அதுவாக இருக்கலாம். முழுக்க ஆறிய பிறகு இழுக்கச் சொல்லுங்கள். ஸ்ரார்ட் ஆனதும் பின்னால் சின்னக் குழாயில் இருந்து தண்ணீர் விடாமல் பீறிட வேண்டும், சொட்டினால் குளிரூட்டும் பாதையில் உப்புக் கட்டியிருக்கிறது அல்லது தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சில்லு தேய்ந்திருக்கிறது. சில்லு மலிவு, உப்புக் கட்டி அடிக்கடி சூடேறிய எஞ்சின் மலிவு இல்லை. 25 குதிரைவலுவில் இரண்டு சிலிண்டர். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டின் கொம்பிரஷனையும் (உள்ளே காற்றை அமுக்குகிற பலத்தை) மானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண் கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை, இரண்டுக்கும் இடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்றில் வேலை இருக்கிறது. புளக் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். இளம் கபில நிறம் என்றால் நல்லது, ஒன்று மட்டும் வெள்ளையாக வெந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

கியர் ஒயிலை மறக்காதீர்கள். கீழ்க்காலில் உள்ள ஆணியைத் தளர்த்தி ஒரு சொட்டு விரலில் எடுத்தால் போதும். பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. புத்தம் புது ஒயிலாக இருந்தாலும் நான் சந்தேகப்படுவேன், ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்பேன்.

எஞ்சின் பெற்றோலில் ஓடியதா, மண்ணெண்ணெயில் ஓடியதா? மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து சூடான பிறகுதான் மாற்ற வேண்டும், நிறுத்த முன்னரும் பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும், அந்தப் பொறுமை இல்லாதவரின் எஞ்சினில் கரி அப்பியிருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது இந்தக் கரையில் எத்தனையோ எஞ்சின்கள் மாதக்கணக்கில் சும்மா கிடந்தன. நல்ல தண்ணீரில் கழுவாமல் கிடத்திய எஞ்சின் ஓடித் தேய்ந்ததை விட மோசம். எப்போது நிறுத்தினீர்கள், எப்படி வைத்திருந்தீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்துக் கேளுங்கள்.

கடலில் ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் மாமாவும் இருவரும் ஏறுங்கள். முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டி, இரண்டு பக்கமும் வெட்டித் திருப்பி, பின் கியரும் போட்டு, கைபிடி உதறுகிறதா என்று பாருங்கள். உதறினால் விசிறியின் தண்டு வளைந்திருக்கலாம். நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் விட்டுத் திரும்ப இழுங்கள், ஆறிய எஞ்சின் எடுத்துச் சூடான எஞ்சின் எடுக்காத வியாதி ஒன்று இருக்கிறது, நடுக்கடலில் வலை இழுத்து முடித்த பிறகுதான் அது தெரியவரும். கரைக்கு வந்ததும் உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள்.

காகிதம் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! வள்ளத்தின் பதிவு 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் வருவது, தொழில் அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிப்பது. பக்கத்தில் எழுதியிருக்கும் இலக்கமும் பதிவில் இருக்கும் இலக்கமும் ஒன்றா, பதிவில் இருக்கும் பெயரும் விற்கிறவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். எஞ்சினுக்கு உள்ள இலக்கம், அதைப் பின்பலகையில் பிடித்திருக்கும் சட்டத்தின் தகட்டில் இருக்கும், தகடு சுரண்டியிருந்தால் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வங்கிக் கடன், லீசிங், மானியத்தில் கிடைத்ததால் விற்கக்கூடாது என்ற நிபந்தனை, சுருக்குவலை டைனமைட் வழக்கில் பிணையில் நிற்பது, இவை ஒன்றும் இல்லை என்று கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்திலும் அந்தப் பகுதிப் பரிசோதகரிடமும் கேட்டு உறுதி செய்த பிறகு முற்பணம் கொடுங்கள். அதற்குள் வேறு ஆள் வாங்கிவிட்டால் வாங்கட்டும். கிண்ணியாவில் வள்ளத்துக்கு என்ன பஞ்சம்?

கேள்வி: வாடை தொடங்கிவிட்டது, கடல் கலங்கியிருக்கிறது, இப்போது ஓட்டிப் பார்க்க முடியாது, சித்திரையில் பார்க்கலாம் என்கிறார் வள்ளக்காரர். ஆனால் காசை இப்போதே கேட்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், சாம்பல்தீவு

பதில்: கடல் கலங்கியிருப்பது உண்மை. சாம்பல்தீவுக் கரையில் கார்த்திகை, மார்கழியில் வள்ளம் இறக்கு என்று நானும் கேட்க மாட்டேன். ஆனால் வள்ளத்தை லொறியில் ஏற்றிக் கிண்ணியாப் பக்கமோ தம்பலகாமக் குடாவுக்கோ கொண்டுபோனால் வருடம் முழுக்கத் தண்ணீர் அடங்கித்தான் கிடக்கும். லொறிக் கூலியை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எஞ்சின் நல்லது என்று தெரிந்தவர் மறுக்க மாட்டார்.

அதற்கும் ஒத்துவராவிட்டால் வள்ளத்துக்கு ஒரு விலை, எஞ்சினுக்கு ஒரு விலை என்று பிரித்துப் பேசுங்கள். வள்ளத்தைக் கரையிலேயே கவிழ்த்துப் பார்த்துத் தீர்மானிக்கலாம். எஞ்சினுக்குரிய காசைக் கடல் அடங்கி ஓட்டிப் பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள், ஒரு சாட்சியையும் வையுங்கள். ஒன்று சொல்ல வேண்டும், வாடையில் வள்ளம் விற்கிறவருக்குப் பெரும்பாலும் காசு அவசரம், விலையும் பங்குனி, சித்திரையை விடக் குறையும். பொறுக்க முடிந்தவருக்கு வாங்க நல்ல காலம் இதுதான்.

கேள்வி: அப்பா தவறிய பிறகு அவருடைய வள்ளமும் 15 குதிரைவலு எஞ்சினும் வளவில் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் தொழிலுக்குப் போக ஆள் இல்லை. விற்கலாம் என்று அம்மா சொல்கிறா. பெயின்ற் அடித்து விற்றால் கூட விலை வரும் என்கிறார் சித்தப்பா. அடிக்கட்டுமா?
- ஒரு வாசகி, சம்பூர்

பதில்: அடிக்காதீர்கள் மகள். மேலே இறக்கக்கண்டித் தம்பிக்கு எழுதியதைப் படித்த ஒருவர் வாங்க வந்தால் புதுப் பெயின்றைக் கண்டதும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். நன்றாகக் கழுவி, பாசியைச் சுரண்டி, உள்ளே தேங்கிய மழைத்தண்ணீரை இறைத்துவிட்டு நிழலில் கவிழ்த்து வையுங்கள், அது போதும். பழுது இருக்கிற இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள். காட்டிய பழுதுக்குக் குறைக்கிற காசு, அவர்களாகக் கண்டுபிடித்த பழுதுக்குக் குறைப்பதை விட எப்போதும் குறைவு.

எஞ்சினுக்கு மட்டும் கொஞ்சம் செலவழியுங்கள். காபரேற்றரில் பழைய பெற்றோல் பிசினாகியிருக்கும். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழுவி, புளக் மாற்றி, பீப்பாயில் நல்ல தண்ணீர் விட்டு அதற்குள் ஓட்டி வைத்தால் வருகிறவர் முன்னால் ஸ்ரார்ட் செய்து காட்டலாம். ஓடுகிற எஞ்சினுக்கும் 'ஓடும்' என்று சொல்கிற எஞ்சினுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. வெறும் தரையில் தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்ட விடாதீர்கள், பம்பின் ரப்பர் கருகிவிடும்.

முக்கியமானது பதிவு. வள்ளம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கும். மரணச் சான்றிதழோடு மாவட்டக் கடற்றொழில் காரியாலயத்துக்குப் போய் அம்மாவின் பெயருக்கு மாற்ற என்ன என்ன வேண்டும் என்று கேட்டு அதை முதலில் முடியுங்கள். 'பெயரைப் பிறகு மாற்றலாம், இப்போது வள்ளத்தைத் தாருங்கள்' என்று வருகிறவருக்கு விற்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி. அந்த வள்ளம் நாளைக்குத் தடைசெய்த வலையோடு பிடிபட்டால் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

கேள்வி: பழைய மீன்பிடி வள்ளம் ஒன்றை வாங்கி நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எந்த வள்ளம் நல்லது?
- ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: வள்ளத்தைத் தேட முன்னர் அனுமதியைத் தேடுங்கள். மீன்பிடிக்கு உள்ள பதிவு ஆட்களை ஏற்ற உதவாது. புறாத்தீவு 2003 இல் இருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது, அங்கே யார் ஏற்றலாம், எந்த முறையில் என்பதை அவர்களிடமும் நிலாவெளியில் ஏற்கெனவே ஓடுகிறவர்களிடமும் கேட்டுவிட்டு வாருங்கள். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர்தானே என்று நண்பர்கள் சொல்வார்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கவிழ்ந்த மிதவை கடக்க வேண்டியிருந்த தூரம் அதைவிடக் குறைவு.

வள்ளம் என்று கேட்டால், மீன் ஏற்றுகிற வள்ளத்தின் பக்கம் தாழ்வு, வலை இழுக்க வசதியாக அப்படிக் கட்டுவார்கள். பழக்கம் இல்லாத பத்துப் பேர் திமிங்கிலத்தைக் கண்டதும் ஒரே பக்கம் எழும்பி நின்றால் அது தாங்காது. பக்கம் உயர்ந்த, அகலமான, இருக்கை நிலையாகப் பதித்த வள்ளமாகப் பாருங்கள், ஆளுக்கு ஒரு மிதப்பு அங்கியை உங்கள் விலைக்கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அங்கிகளை வள்ளத்தோடு சும்மா தருகிறேன் என்றால் வாங்க முன்னர் ஒன்றைத் தண்ணீரில் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்து இரவு முழுக்க ஊற விட்டுக் காலையில் தூக்கிப் பாருங்கள். நிறையப் பேர் வருடக்கணக்காக வெயிலில் போட்டு வைத்திருந்ததையே தருகிறார்கள்.